வெலிங்டன் தெருவில் தேடிய இறைச்சி

பீஃப் வெலிங்டன் என்றால் வெலிங்டன் தெருவில் விற்கிற மாட்டிறைச்சி என்றுதான் முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நான் சாப்பாட்டுக் கோப்பை கழுவிய ரெஸ்ரோறன்ற் அந்தத் தெருவில்தான் இருந்தது. கோழிக்குக் கோழி, மீனுக்கு மீன், தெருவுக்குத் தெருவின் பெயரில் ஒரு இறைச்சி. அப்படித்தான் என் மண்டைக்குள் பதிந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். வாசிக்கத் தெரியாதவனுக்குக் கேட்கவும் வெட்கம்.

அந்தக் குசினியில் தமிழர் இரண்டே பேர். நான் ஒருவன். மற்றவன் மன்னார்க்காரன். வேதக்காரன், கிறிஸ்தவன். என்னைவிட ஒரு வயது மூப்பு. இரண்டுபேரும் ஒரே குளிர்காலத்தில் ஒரே தொட்டிக்கு முன்னால் நின்று வேலை தொடங்கினோம். கையில் சவர்க்காரம் ஊறி விரல்நுனி வெள்ளைப் பூண்டுபோல ஆகிவிடும். அவன் அதைக் காட்டி, "ஐசே, உம்மட கையை உரிச்சுக் கறிக்குப் போடலாம்" என்பான். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. ஐசேதான். நீர், நான்தான்.

இரண்டு வருடத்தில் அவன் வெங்காயம் வெட்டப் போனான். பிறகு அடுப்புக்குப் போனான். ஓடர் துண்டை வாசிக்க அவனுக்கு ஆங்கிலம் இருந்தது. நான் தொட்டியடியிலேயே நின்றேன். அதில் எனக்குப் பொறாமை இருந்ததா என்று இப்போது கேட்டால், இருந்தது. அப்போது கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

வெலிங்டன் செய்வதை அந்தக் குசினியில் எல்லாருக்கும் விடமாட்டார்கள். பெரிய சமையல்காரர் மட்டும்தான் செய்வார். நல்ல இறைச்சித் துண்டை முழுசாக வாட்டி, காளானை அரைத்து அதன்மேல் பூசி, மாவால் சுற்றிப் போறணை அடுப்பில் வைப்பார். எங்கள் பற்றிஸ்போலத்தான், ஆனால் ஒரு கைக்குழந்தையின் பருமன். மன்னார்க்காரன் அதை எட்டி எட்டிப் பார்ப்பான்.

"உது ஐசே, மாட்டுக்குச் சேட்டுப் போட்டு விடுறது. சேட்டும் கருகக்கூடாது, உள்ளுக்கை இருக்கிறவருக்கும் வேர்க்கக்கூடாது."

"வேர்த்தால்?"

"வேர்த்தால் மா ஊறிப்போம். பிறகு உம்மட தொட்டிக்குத்தான் வரும்."

என் தொட்டிக்கு வந்த கோப்பைகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். கோப்பை கழுவுகிறவனுக்குச் சாப்பாட்டின் ருசி மிச்சத்தில் தெரியும். நன்றாக அவித்துக் கேட்டவர்களின் இறைச்சி பாதி கடித்தபடி வரும். மீனில் தோல் வரும். வெலிங்டன் போன கோப்பை மட்டும் நக்கித் துடைத்ததுபோல வரும். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஒவ்வொரு நாளும். அதை என் கையாலேயே கழுவிக்கொண்டு, அது ஏன் என்று ஒருதரம் நான் யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவனுக்கு அதைத் தனியாகச் செய்யக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்கள் குறைந்த நேரம். பெரிய சமையல்காரர், உன்னுடைய ஆட்களையே கூப்பிட்டுக் கொடு என்று சொல்லியிருக்கிறார். அவனுடைய மனைவி அப்போது மன்னாரிலிருந்து வந்து சேரவில்லை. ஆகவே அவன் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டான்.

நான் வேலை செய்த இடத்தில் முன்கதவால் உள்ளே போனது அன்றுதான். கோட்டும் போட்டேன். மனைவி பட்டுச்சேலை கட்டி, பனிச்சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே ஒளித்து வைத்தாள். அவள் மீன் சாப்பிடுவாள், கோழி சாப்பிடுவாள், மாடு வாயில் வைக்கமாட்டாள். அவளுக்கென்று உருளைக்கிழங்கும் போஞ்சியும் தனியாக வந்தது. எனக்கு வெலிங்டன். அவனே வெள்ளைக் கோட்டோடு மரப்பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் முன்னாலேயே கத்தியை வைத்தான். மா நொறுங்கிற சத்தம் கேட்டது. துண்டு சாய்ந்து விழுந்தது. உள்ளே கொய்யாப்பழத்தின் நடுப்பகுதிபோலச் சிவப்பு.

பெரிய சமையல்காரர் குசினிக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "ஐசே, இதென்ன, பச்சையாக் கிடக்குது. மாடு இன்னும் எழும்பி நடக்கும்போலக் கிடக்கு."

அவன் சிரித்தான். "இல்லை ஐசே, உது இப்பிடித்தான். ஒரு வாய் வைச்சுப் பாரும்."

மேசைக்குக் கீழே மனைவி என் காலைத் தட்டினாள். நான் அடங்கவில்லை. கோட்டுப் போட்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறை யாரோ எனக்குப் பரிமாறுகிறார்கள். அதுவும் என் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினவன். கோப்பையை இரண்டு விரலால் அவன் பக்கம் தள்ளினேன்.

"கொண்டுபோய் வடிவா அவிச்சுக்கொண்டு வாரும்."

நான் சொன்ன தமிழ் அங்கே வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. கோப்பையைத் தள்ளினது எல்லாருக்கும் விளங்கியது. கதவில் நின்றவர் உள்ளே போய்விட்டார். மன்னார்க்காரன் பலகையை எடுத்துக்கொண்டு போனான். கன நேரம் வரவில்லை. வந்தபோது மா கருகியிருந்தது, இறைச்சி சாம்பல் நிறம். நான் மிளகாய்ச் சோஸ் கேட்டு வாங்கி, ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இப்பதான் சாப்பாடு" என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகும் நாங்கள் பேசினோம், சிரித்தோம். கோபம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் வெலிங்டனைப் பற்றி அவன் என்னோடு வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் மனைவி வந்ததும் மொன்றியலுக்குப் போய்விட்டான். பல வருடம் கழித்து மகளின் கலியாண அழைப்புக் காட்டு அனுப்பினான். பனி என்று சாட்டுச் சொல்லி நான் போகவில்லை. காட்டை மட்டும் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருந்தேன். அதில் அவனுடைய ஃபோன் நம்பர் இருந்தது.

இதெல்லாம் ஏன் இப்போது வந்ததென்றால், போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் நானும் மனைவியும் மகளும் ரீவியில் சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை மாவில் சுற்றிய இறைச்சியைக் கொண்டுவந்து வைத்தாள். நடுவர் வெட்டினார். உள்ளே சாம்பல் நிறம். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளை அழத் தொடங்கினாள்.

"என்னத்துக்கு அழுகிறாள்? நல்லாத்தானே அவிஞ்சிருக்கு" என்றேன்.

"அதுதான் அப்பா பிழை. ஓவர்குக்ட். வெலிங்டன் எண்டால் உள்ளுக்குப் பிங்க்கா இருக்கவேணும்" என்றாள் மகள்.

"எப்பவுமோ?"

"எப்பவும். அதுதானே அதின்ர முழுக் கஷ்டமே."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ரீவியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் அண்டைக்கே காலால தட்டினனான்."

அன்றைக்கே அவனுக்கு ஃபோன் எடுத்திருக்கலாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. வெறும் வாயோடு எப்படி மன்னிப்புக் கேட்பது? ஐசே, உம்முடைய சாப்பாடு சரி, நான்தான் பிழை என்று சொல்வதென்றால், அது சரியென்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டாமா? முதலில் ஒரு நல்ல வெலிங்டனைத் தேடி, சிவப்பாகவே சாப்பிடவேண்டும். பிறகு அந்த ருசியோடு ஃபோன் எடுக்கவேண்டும். அப்படி எனக்கு நானே ஒரு நேர்த்தி வைத்துக்கொண்டேன்.

ஒருவருக்கும் சொல்லாமல், வீடிருக்கும் வோபர்னிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் பிடித்து வெலிங்டன் தெருவுக்குப் போனேன். தைமாதப் பனி. வேறெங்கே போவது, அந்தத் தெருவின் இறைச்சி அங்கேதானே இருக்கும்? எங்கள் ரெஸ்ரோறன்ற் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நின்றது. கதவடியில் நின்ற காவலாளியிடம், "வெலிங்டன்?" என்று கேட்டேன். அவன் தெருப்பலகையைக் காட்டினான். "பீஃப் வெலிங்டன்" என்றேன். அவன் சிரித்துத் தோளைக் குலுக்கினான். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த சாப்பாட்டு அட்டைகளில் W எழுத்தைத் தேடினேன். அந்த ஒரு எழுத்து எனக்குத் தெரியும். பெண்கள் கழிப்பறைக் கதவில் பார்த்துப் பழகியது. கண்டதெல்லாம் வைனாக இருந்திருக்கும். வழுக்கி விழாமல் வீடு வந்ததே பெரிய காரியம்.

மகள் கேள்விப்பட்டுக் கத்தினாள். பிறகு சிரித்தாள். "அப்பா, அது ஸ்ரீற்ரின்ர பேர் இல்லை! எந்த ரெஸ்ரோறன்ற்றிலயும் செய்வினம். என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். என் வாழ்க்கையில் பாதி அந்தச் சொல்லில் முடியும்.

அவள்தான் பிறகு தேடினாள். முதலில் மார்க்கம் நகரில் ஒரு இடம். மேல் மா ஊறிச் சவசவத்துக் கிடந்தது. உள்ளே இருந்தவருக்கு வேர்த்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. அடுத்த இடத்தில் இரண்டுநாள் முன்னம் சொல்லவேண்டும் என்றார்கள். சொன்னோம். அன்றைக்குப் பனிப்புயல். இப்படி மாதம் ஒன்றுக்குமேல் போனது. கடைசியில் யூனியன்வில்லில், பழைய வீடொன்றில் பத்து மேசை மட்டும் போட்டிருந்த இடம்.

பரிமாற வந்தவர் ஏதோ கேட்டார். மகள் திரும்பினாள். "எப்பிடி வேணுமாம் அப்பா? உங்களுக்கு எல்லாம் வெல் டன்தானே?"

"சமைக்கிறவர் எப்பிடித் தாறாரோ, அப்பிடி."

"ஆர் யூ ஷுவர்? பிறகு பச்சை எண்டு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன் பிள்ளை."

வந்தது. கத்தி வைத்ததும் அந்தச் சத்தம். மா ஏடு ஏடாக நொறுங்கியது. காளான் ஒரு கறுத்த கோடுபோல. நடுவில் அதே கொய்யாப்பழச் சிவப்பு. கோப்பையில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. நான் இவ்வளவு காலமும் பயந்த இரத்தம் எங்கே என்று தேடினேன். வாயில் வைத்தேன். பல்லுக்கு வேலையே இல்லை. மகள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பாண் துண்டால் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டேன். பின்னால் குசினியில் யாரோ ஒருவனுக்கு அந்தக் கோப்பை கழுவ வேலை இராது.

மறுநாள் காலை பிஸ்கற் ரின்னைத் திறந்து காட்டை எடுத்து நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தார். அவனுடைய மனைவி. நான் இன்னார், ரொறன்ரோவில் ஒன்றாக வேலை செய்தவன் என்று சொன்னேன்.

"ஐயோ அண்ணை, உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையே? போன சனிக்கிழமைதான் முப்பத்தோராம் நாள் பூசை குடுத்தனாங்கள்."

தையில் இறந்திருக்கிறான். நான் சாப்பாட்டு அட்டைகளில் W தேடிக்கொண்டு திரிந்த அதே மாதம்.

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "அவர் வெலிங்டன் எண்டு ஒண்டு செய்வார் தங்கச்சி..." என்று தொடங்கினேன்.

"ஓம் ஓம். நத்தாருக்கு நத்தார் செய்வார். எங்கட சொந்தக்காரர் எல்லாம் அதுக்கெண்டே வருவினம். ஆனால் ஒரு பழக்கம். போறணையால எடுத்தவுடன தனக்கெண்டு ஒரு துண்டு வெட்டுவார். மிச்சத்தைத் திரும்பவும் உள்ளுக்கு வைச்சிடுவார், நல்லா அவியட்டும் எண்டு. ஏனப்பா எண்டு கேட்டால், எங்கட ஆக்கள் சிவப்பைக் கண்டால் கோப்பையைத் தள்ளிப்போடுவினம் எண்டுவார்."

நான் கதிரையில் இருந்தேன். மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"தள்ளினது நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டுப் போட்டிருந்ததையும், கதவில் நின்றவர் உள்ளே போனதையும், நேற்று யூனியன்வில்லில் சாப்பிட்டதையும்.

"அப்ப அது நீங்களோ. அவர் ஒருநாளும் ஆரெண்டு சொல்லேல்லை" என்றார்.

கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"நேற்றுச் சாப்பிட்டது சிவப்பாவோ இருந்தது, அண்ணை?"

"ஓம் தங்கச்சி."

"நல்லாயிருந்ததோ?"

"அப்பிடி ஒண்டு நான் சாப்பிட்டதேயில்லை."

"எனக்கும் அவர் அவிச்சுத்தான் தந்தவர்," என்றார் அவர். "நானும் கேக்கேல்லை. அதுதான் அதின்ர ருசி எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்."