சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய வீடு

அம்சத்தின் இரண்டு கைகளும் வேலையாக இருந்தன. இடது கை வசந்தகுமாரின் தோளைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை வெந்நீரில் பிழிந்த துணியால் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தது. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன உடம்பு. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், வந்த புண் லேசில் ஆறாது. ஈரம் போகத் துடைத்து, பவுடர் போட்டு, துணி சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். அம்சம் பவுடர் டப்பாவை எடுத்த நேரத்தில் ஹாலில் ஒரு பெண் வீறிட்டாள்.

பிடித்த தோளை விட்டுவிட்டு ஓட முடியாது. அவள் தலையணையை அவர் முதுகுக்கு அண்டைகொடுத்து, கட்டில் கம்பியைத் தூக்கி மாட்டிவிட்டுத்தான் போனாள். ஹாலில் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் பட்டுப்பாவாடை மாதிரி ஏதோ உடுத்திய ஒரு வெள்ளைக்காரி வாயை அகலத் திறந்து நின்றாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் அம்சம்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. இது ஆபரா" என்றாள் வானதி. வசந்தகுமாரின் ஒரே மகள். "நம்ம ஊர்க் கூத்து மாதிரி. எல்லாத்தையும் பாட்டாவே பேசுவாங்க."

"அப்ப அந்தம்மாவுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு பையன் ஒற்றைக் கண்ணைத் திறந்து சிரித்தான்.

அம்சம் அந்த வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. வசந்தகுமார் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி முன்னமே போய்விட்டார். வானதி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போகிறாள். அவள் இல்லாத நேரமெல்லாம் வீட்டில் பேசத்தெரிந்த ஆள் அம்சம் ஒருத்திதான். வசந்தகுமாருக்கு நாக்கும் சேர்ந்து விழுந்துவிட்டது.

பேச ஆளில்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். முட்டி தேய்ந்து சேற்றில் நிற்க முடியாமல் போகும்வரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் சாயப் பட்டறையில், பொங்கலுக்குப் பேசுவான். முட்டி போன பிறகு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி படித்தாள். ஒரு ஏஜென்சி அவளை வீடு வீடாக அனுப்புகிறது. அனுப்பப்படுகிற வீடுகளில் எழுந்து நடக்கக்கூடியவர்கள் யாரும் இருப்பதில்லை. எனவே எல்லா வீட்டிலும் அவளுடைய வேலை ஒரே மாதிரிதான் முடிந்தது.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடியும் அதே காரியத்துக்கு வருகிறேன் என்று சொன்னதாகிவிடும். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்கள். உறவுக்காரர்களுக்கு அது ஒருநாள் வழக்கம். கருமாதிக்கு வருவார்கள், அடுத்த கல்யாணத்தில் பார்த்துக்கொள்வார்கள். அம்சத்துக்கு அதோடு சரி. மாதக்கணக்கில் சோறு ஊட்டி, மலம் அள்ளி, உட்காரவைத்து முடி வெட்டிவிட்ட வீடுகளிலிருந்தெல்லாம் பையை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியேறியிருக்கிறாள். அந்த வீடுகளிலிருந்து ஒருநாளும் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் முகம் அவர்களுக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று அவளுக்குத் தெரியும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்துக்கொள்வாள்.

அடுத்த ஞாயிறும் வானதியும் அவள் சிநேகிதர்கள் இருவரும் கூடினார்கள். அறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அம்சம் உட்கார்ந்தாள். ஒரு காது உள்ளே மூச்சுச் சத்தத்துக்கு, ஒரு காது டிவிக்கு. அவளை எல்லா வீட்டிலும் "ஆயாம்மா" என்பார்கள், அவசரமானால் "இந்தாம்மா". கண்ணை மூடிக் கேட்கிற பையன்தான் முதலில் பெயரைக் கேட்டான். அவன் பெயர் கலந்தர். அதிராம்பட்டினத்துக்காரன், கீழவாசலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மஸ்கட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது, அங்கே டிரைவராக இருக்கிற அண்ணன், முதலாளி போகாத நாளில் அவர் டிக்கெட்டில் தம்பியை ஆபராவுக்கு அனுப்பியதிலிருந்து பிடித்த பைத்தியம்.

கலந்தருக்கு வில்லன்களின் குரல்தான் பிடிக்கும். அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த குரல். "கதாநாயகன் அவ்வளவு மேல ஏறிப் பாடுறப்பவே தெரிஞ்சிடும்க்கா, பொய் சொல்றான்னு. கெட்டவன் கீழேயே நிப்பான். அவன் சொல்றதைச் செய்வான்" என்பான். மூக்குக்கண்ணாடி விற்கிறவன் கண்ணைத் திறந்து பார்க்கவே மாட்டான்.

மூன்றாமவன் இளவழகன், விதைக் கம்பெனியில் வேலை. பைக்கில் வயல் வயலாகச் சுற்றி, சேறு காயாத காலோடு வருவான். அவனுக்குப் பாட்டைவிட, எல்லாம் முடிந்தபின் திரை மறுபடி திறந்து, செத்தவர்கள், கொன்றவர்கள் எல்லோரும் கைகோத்து வந்து கும்பிடுவார்களே, அதுதான் வேண்டும். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிற சத்தத்தைத் தனியாகப் போனில் எடுத்து வைத்திருந்தான். "மூணு மணி நேரம் பாடினவனை விட்டுட்டுக் கைதட்டினவனைக் கேக்கிறான்" என்று கலந்தர் அவனைப் போட்டு வாட்டுவான்.

வானதிக்கு நோயில் கிடந்து சாகிற பெண்கள் பாடுவது பிடிக்கும். ஆனால் அப்பா விழுந்ததிலிருந்து கடைசி அங்கம் வருவதற்குள் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவாள். காபி போடப் போவதாகச் சொல்வாள். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதனால் இளவழகனுக்கு மாதக்கணக்கில் அவனுடைய கைதட்டல் கிடைக்கவில்லை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு, வானதி வழக்கம்போல நிறுத்திவிட்டு எழுந்தபோது கலந்தர் வாசல் பக்கம் திரும்பினான்.

"அம்சக்கா, எங்க மூணு பேருக்கும் என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறார்கள், சம்பளம் கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வாயில் வந்தது வேலைக்காரியின் பதில்தான்.

"எனக்குப் பாதியில விடத் தெரியாது தம்பி. முடிவு வரைக்கும் இருந்துதான் பழக்கம்."

வானதி சமையலறை வாசலில் நின்றாள். பிறகு திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், ரிமோட்டை எடுத்து ஓடவிட்டாள்.

டிவியில் அந்தப் பெண் கட்டிலில் மல்லாந்து கிடந்து பாடினாள். வெகுநேரம் பாடினாள். வானதியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"இவ்வளவு இழுத்துப் பாடுறவளுக்கு நெஞ்சுல நோய் ஒண்ணும் இல்லை. பக்கத்துல நிக்கிற டாக்டர் சொல்றது பொய்" என்றாள் அம்சம். "இப்படி மட்டமாப் படுக்க வெச்சா மூச்சு முட்டும். தலைமாட்டை உசத்த ஒருத்தருக்கும் தோணலை பாரு."

வானதி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்தப் பெண் செத்தாள், திரை விழுந்தது. திரை மறுபடி திறந்ததும் செத்தவள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்து கும்பிட்டாள். இளவழகன் தரையிலிருந்து எழுந்து நின்று கைதட்டினான். அம்சம் இதைப் பார்த்ததில்லை. அவள் கண்முன்னால் முடிந்துபோனவர்கள் யாரும் எழுந்து வந்து கும்பிட்டதில்லை, அவளும் யாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியதில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு உள்ளே போய் வசந்தகுமாரைப் புரட்டிப் படுக்க வைத்தாள்.

அன்றைக்கே வானதி அவளைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாள். 'மூவர்' என்று இருந்த குழுவின் பெயரை 'நால்வர்' என்று மாற்றினார்கள்.

"நால்வர்னா கோயில் பிராகாரத்துலல்ல போய் நிக்கணும்" என்றாள் அம்சம். "கலந்தரை உள்ள விடுவாங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறேன்க்கா, யாருக்குத் தெரியப்போவுது" என்றான் அவன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் சனிக்கிழமையே துணிகளைத் துவைத்து முடிக்க ஆரம்பித்தாள். ஸ்டூல் வாசல்படியைத் தாண்டி ஹாலுக்குள் ஓரடி வந்தது. அதே சமயம் கட்டிலில் கிடந்தவருக்குச் சளி கட்ட ஆரம்பித்தது. கஞ்சி தொண்டையில் நின்றது. எத்தனையோ பேரிடம் பார்த்த அறிகுறிகள்தான். எத்தனை ஞாயிறு பாக்கி என்று அவளுக்கு உத்தேசமாகத் தெரிந்தது. நோயாளியின் நாளைக் கணக்குப் பார்ப்பது தொழில். தன் ஞாயிற்றுக்கிழமைக்காகப் பார்ப்பது கேவலம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, முன்னிலும் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

தை பிறந்து சில நாளில், ஒரு புதன்கிழமை விடிந்த பிறகு வசந்தகுமார் போய்விட்டார். வானதி அப்பாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். அம்சம் கண்ணை மூடிவிட்டாள், தாடையைத் துணியால் கட்டினாள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள், உடம்பு விறைப்பதற்குள் கைகளை நேராக்கினாள். பத்து மணிக்குள் வீடு ஜனங்களால் நிறைந்துவிட்டது. வசந்தகுமாரின் அக்கா ரெங்கம்மாள் பேராவூரணியிலிருந்து வந்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையெல்லாம் எடுத்துக்கொண்டார். கலந்தரும் இளவழகனும் பந்தலில் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அம்சத்தோடு பேச யாருக்கும் நேரமில்லை.

பிற்பகலில் எடுத்தார்கள். பையன்கள் பாடையோடு நடந்து போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்ததும் அம்சம் மெத்தையைச் சுருட்டிக் கட்டிக் கொல்லையில் வைத்தாள். மிச்ச மருந்தை ஒரு பையில் போட்டாள். தன் பையை எடுத்துக்கொண்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த வானதியைப் பார்க்காமல், வாசலைத் தாண்டினாள்.

கேட் வரைக்கும் போயிருப்பாள்.

"அம்சக்கா, போயிட்டு வாங்க."

ரெங்கம்மாள் வானதியின் வாயைப் பொத்துகிற சத்தம் அம்சத்துக்குக் கேட்டது.

"அறிவிருக்காடி உனக்கு? எந்த வீட்டுல நின்னு எதைச் சொல்ற?"

"ஞாயித்துக்கிழமை அவங்க வரணும் அத்தை" என்று வானதி சொன்னதும் கேட்டது. குழந்தை மாதிரி அழ ஆரம்பித்திருந்தாள்.

திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் அந்தப் பெண்ணின் தலையில்தான் அத்தனை பேச்சும் விடியும், பதினாறு நாளும் அதையே சொல்லிக் குத்துவார்கள். அம்சம் கேட்டைச் சாத்தினாள். கொக்கி மாட்டினாள். நடந்தாள்.

திருத்துறைப்பூண்டி பஸ், மன்னார்குடியைத் தாண்டியதும் நத்தையாக ஊர்ந்தது. சாலையில் பாதி வரை நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, வேலைக்கு என்றாள். ஊரில் இறங்கி, வீட்டைத் திறக்குமுன் கொல்லையில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்குள் எலிப் புழுக்கை கிடந்தது. கூட்டினாள். சோறு வடித்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். 'நால்வர்' குழுவில் ஒன்றும் வரவில்லை. வராதுதான், சாவு வீட்டில் யார் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். ஏஜென்சியிலிருந்துதான் கூப்பிட்டார்கள். பூம்புகார் பக்கம் ஒரு மீனவர் வீடு, இடுப்பெலும்பு முறிந்த ஒரு தாயார், நாளைக்கே வர முடியுமா என்றார்கள். வருகிறேன் என்றாள். மற்ற வீடுகளைப்போல இதையும் தலையோடு ஊற்றிக் கழுவியாயிற்று என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். கேட்டில் கேட்ட குரல் மட்டும் கழுவப்படவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து, குளித்து, விபூதி பூசி, வாசலில் கோலம் ஒன்று இழுத்தாள். வெளுத்த புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். இது அவள் வீடு. இங்கே யாரும் சாகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்று, இளவழகன் சொல்லிக்கொடுத்தபடி போனில் மைக் படத்தை அழுத்திப் பிடித்தாள். முதல் தடவை நெல் லாரி போகிற சத்தம்தான் பதிவானது. அதை அழித்துவிட்டு, முதுகைச் சாலைக்குக் காட்டித் திரும்பிக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

"வானதி, அம்சம் பேசுறேன். எங்க வீட்டுலேருந்து பேசுறேன். நேத்து நீ சொன்னது காதுல விழுந்துச்சு. வேலைக்குக் கிளம்பிட்டேன். போயிட்டு வரேன்."

விரலை எடுத்தாள். அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் குறி விழுந்தது. ஆனால் யாரும் இன்னும் கேட்டிருக்கவில்லை. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவள் இன்னொரு தரம் அழுத்தினாள்.

"பாதியில நிறுத்தாம பாருங்க."

போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, பையைத் தூக்கி, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினாள்.