ஸ்தூர்லாவின் ஆடுகள்

கிழக்கு ஐஸ்லாந்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி கொடுப்போம். அந்த ஆடும் அது போடும் குட்டிகளும் குழந்தைக்கே சொந்தம். குழந்தையைக் கேட்காமல் ஒன்றையும் வெட்டக் கூடாது. பேசத் தெரியாத பிள்ளையிடமும் ஒப்புக்குக் கேட்டுவைப்பார்கள்.

பக்கத்துப் பண்ணை ஸல்வோரும் கேட்பாள். ஆனால் அவள் மகன் ஸ்தூர்லா முதல் பல் தெரிந்த வாரமே காய்ச்சலில் செத்துப்போனவன். பல் காய்ச்சல்தானே என்று வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். அவள் தலை நரைத்த பிறகும் அவன் ஆடுகள் பெருகிக்கொண்டிருந்தன. இலையுதிர் காலத்தில் மந்தை மலையிறங்கியதும் பட்டி வேலியோரம் நின்று, வெறும் காற்றைப் பார்த்துக் கேட்பாள். சில சமயம் "வேண்டாமாம்" என்று ஆட்டை அவிழ்த்துவிடுவாள். அவளைக் கிண்டல் செய்யாதவர்கள் ஊரில் இல்லை, நானும்தான். ஆனால் அவள் பதிலுக்குக் காத்திருக்கும்போது ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். நாய்கள்கூடக் குரைக்காது.

என் மகள் லோவாவுக்கு அப்போது ஆறு மாதம். ஓயாமல் எச்சில் ஒழுகியது, கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்தாள். ஒருநாள் காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. பல் வருகிறது என்றான் என் கணவன் ஊல்வர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மதியம் மூடுபனிக்குள்ளிருந்து, யாரும் கூப்பிடாமலே, ஸல்வோர் வந்து நின்றாள். கையில் வெள்ளிக் கரண்டி. லோவாவின் ஈறு முழுக்க மெல்லத் தட்டினாள். பல் இருந்தால் 'டிக்' என்று கேட்கும். எதுவும் கேட்கவில்லை.

"பல்லு வந்தா சிணுங்கும், லேசா சுடும். இப்படிக் கொதிக்காது. கிளம்புங்க."

"நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றான் ஊல்வர்.

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். மலை தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரில் கிருமியாம். ஒருநாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பல் அடுத்த மாதம்தான் வந்தது, கீழ் ஈறில், கொஞ்சம் சிணுங்கலோடு. கரண்டியால் தட்டிக் கண்டுபிடித்தவளும் ஸல்வோர்தான். மறுநாள் ஒரு குட்டியோடு வந்தாள். அதன் காதில் ஸ்தூர்லாவின் ஆடுகளுக்கு வெட்டும் குறி இருந்தது. அவனுடையதாயிற்றே என்று தயங்கினேன்.

"கேட்டுட்டேன்மா. குடுக்கச் சொல்லிட்டான்."

வெகுநாளாய் மனதை அரித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன்: "அன்னைக்கு லோவாவுக்குக் காய்ச்சல்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

ஸல்வோர் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அவன்தான். அந்தக் காய்ச்சல் எப்படி இருக்கும்னு அவனுக்குத்தானே தெரியும்?"