கிண்ணம் இல்லாத தாமரை

“தாமர, அல்லி, ரெண்டும் தண்ணியில பூக்கிற பூ. இதுல மூணு வருசம் படிக்க இன்னா கீது?”

நான் கல்லூரியில் தாவரவியல் எடுத்தபோது மாமா கேட்டது இது. எங்கள் வீட்டிலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பதில் தெரியாமல் இல்லை. என் படிப்புக்குத் தொடக்கமே அவருடைய கைவேலைதான்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா தாம்பரத்தில் ஒரு கோயில் வாசலில் பூ விற்றாள். வெள்ளிக்கிழமைகளில் தாமரை. மொட்டின் வெளி இதழ்களை உள்பக்கமாக மடித்து, பூவை விரிந்ததுபோல் காட்டுவது அவள் தம்பியான மாமாவின் வேலை. நடு இதழ்களை விலக்கி உள்ளே விதை பிடிக்கும் மஞ்சள் கிண்ணத்தைப் பார்ப்பது என் வேலை. அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

ஒரு மழை வாரம் தாமரை சரியாக வரவில்லை. மாமா இரும்புலியூர் ஏரியில் இறங்கிச் செவ்வல்லி பறித்து வந்தார். அதே மடிப்பு, அதே ஈரத்துணி. தாமரைகளுக்கு நடுவே அவை சம்பந்தி வீட்டார் போல அமர்ந்துகொண்டன.

பேங்க் மேடம் வந்தார். வாராவாரம் எங்களிடம்தான் வாங்குவார். அவரைப் பார்த்து அவருடைய தெருவே வாங்கும். அவர் எடுத்த பூவின் நடு இதழ்களை நான் வழக்கம்போல் விலக்கினேன்.

“மாமா, இதுல கிண்ணத்தக் காணோமே!”

“அது சின்னப் பூ. இன்னும் வளரல.”

“பறிச்சப்புறம் எப்டி மாமா வளரும்?”

மேடம் அம்மாவைப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை. “அல்லிங்க மேடம். தாமர பத்தல.”

அவர் பூவை வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்.

அடி விழும் என்று நினைத்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “ரெண்டையும் பிச்சிப் பாக்கட்டாம்மா?”

“வாடிக்கய வெரட்டிட்டு கேள்வி வேற! குடுக்காதக்கா,” என்றார் மாமா.

அம்மா கூடையில் இருந்ததிலேயே நல்ல தாமரையாக எடுத்து, ஓர் அல்லியோடு என் மடியில் போட்டாள்.

தாமரைத் தண்டு சொரசொரத்தது. அல்லித் தண்டு வழவழத்தது. அல்லிக்குள் தட்டையான, சிவந்த நாடா போன்ற மகரந்தத் தாள்கள்தான் இருந்தன. இரண்டும் மிகத் தூரத்துச் சொந்தம், தாமரையின் நெருங்கிய உறவுகள் தரையில் நிற்கும் மரங்கள் என்பதெல்லாம் கல்லூரியில்தான் தெரிந்தது. ஒரே மாதிரித் தண்ணீரில் வாழ்ந்து முகம் மட்டும் ஒத்துப்போயிருக்கிறது.

வாடிக்கை போன அந்த நாளில், விற்க மிச்சமிருந்த சில தாமரைகளில் ஒன்றை அம்மா ஏன் பிய்க்கக் கொடுத்தாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. பிய்க்க இன்னொன்று கேட்டேன்.

போன திங்கட்கிழமை, மூன்று வருடம் போதாதென்று தாவரவியல் முதுகலையிலும் சேர்ந்துவிட்டேன்.