நிறுத்தாமலே பெருகிய இடம்

பிள்ளைகளே, “உங்க அப்பாவுக்கு கம்ப்யூட்டர் ரூமில் என்ன வேலை?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பதில் சொன்னீர்களே, இரண்டும் தப்பு. டிஸ்க்கில் இடம் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில், அது சின்ன அதிகாரம் இல்லை.

மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. சம்பளம், சரக்கு இருப்பு எல்லாம் பீரோ உயரப் பெட்டிகளில் இருந்த டிஸ்க்குகளில் கிடந்தன. ஸ்டோர்ஸுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அவர்களால் ஒரு போல்ட்டைக்கூட வரவு வைக்க முடியாது. நான் எல்லோரையும் வேலையை மூடச் சொல்லி, இருப்பதை டேப்பில் நகல் எடுத்து, டிஸ்க்கைப் புதிதாகப் பிரித்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விடும். பூந்தமல்லிக்குப் படம் பார்க்க அழைத்துப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு ஏமாற்றிய ஞாயிறுகள் அவைதான். ஆனால் ஸ்டோர்ஸ்காரர் என்னைப் பார்த்தாலே, “அண்ணாத்தே, கொஞ்சம் எடம் போட்டுக் குடேன்” என்று டீ வாங்கித் தருவார். அந்த டீ எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு டிஸ்க்குகளை நிர்வகிக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இடத்தைப் பெருக்கலாமாம். நிரம்பப் போகிறது என்று முன்கூட்டியே அதுவே தகவல் அனுப்புமாம். பயிற்சிக்கு பெங்களூர் போகச் சொன்னது என்னை அல்ல. எனக்குப் பின்னால் சேர்ந்த, முகப்பேரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பட்டதாரிப் பையனை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. திரும்பி வரும்போது உங்களுக்கென்று மைசூர்பாகு வாங்கி வந்தான். நீங்கள் போட்டி போட்டுச் சாப்பிட்டீர்கள். நான் தொடவில்லை. பல்வலி என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

செய்து காட்டும் நாளில் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பையன் எங்கேயாவது சிக்கிக்கொள்ளட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, ஸ்டோர்ஸ்ல எல்லாரும் என்ட்ரி போட்டுட்டுதானே இருக்காங்க?” என்றான் அவன்.

“இல்ல தம்பி, போன் பண்ணி எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டேன்.”

டிஸ்க்கில் கை வைப்பதென்றால் முதலில் ஸ்டோர்ஸுக்குப் போன். கை தானாகவே செய்துவிட்டது. மேனேஜர் சிரித்துவிட்டார். “யோவ், யாரும் நிறுத்தாம நடக்கும்னு காட்டத்தானய்யா இந்தக் கூத்தே!”

மறுபடி போன் செய்தேன். ஸ்டோர்ஸ்காரர் தன் ஆட்களை உட்கார வைத்துவிட்டு நேரே வந்து வாசலில் நின்றார். “இன்னா அண்ணாத்தே, எறங்குன்றே, ஏறுன்றே, இது இன்னா டவுன் பஸ்ஸா?”

பையன் ஒரே ஒரு வரி அடித்தான். இடம் பெருகிவிட்டது. ஸ்டோர்ஸில் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

“அவ்ளோதானா? முடிஞ்சிட்சா?” ஸ்டோர்ஸ்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “இனிமே உன் பின்னாடி சுத்திகினு கெடக்க வேணாம் நானு.”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

கடைசியில் திரை ஒரு கேள்வி கேட்டது: டிஸ்க் நிரம்பப் போனால் யாருக்குத் தகவல் அனுப்ப வேண்டும்? பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மேனேஜரைப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தத் தகவலே நான்தானே.

“உன் பேரையே போட்டுடுப்பா,” என்றார் மேனேஜர் அவனிடம்.

போட்டான். ஸ்டோர்ஸ்காரர் அவன் தோளில் கை போட்டார். “வா நைனா, டீ அடிக்கலாம்.” போகிற போக்கில் பையன், “அண்ணே, நீங்களும் வாங்க” என்றான்.

“நீங்க போங்க தம்பி, வரேன்.”

மேனேஜரும் கிளம்பிப் போய்க் கதவு மூடியதும் ஏசி சத்தம் மட்டும் மிச்சம். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அந்தத் திரையை மறுபடி திறந்தேன். அவன் பெயர் தெரிந்தது. அழிக்கும் பட்டனின்மேல் என் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு, என் பெயரையும் அடித்துச் சேமித்தேன்.