கவிச்சி வேண்டாம் என்று சொன்ன மதியம்

நான் பிடித்த பிடியில் நிற்கிறவள். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் இந்த வீட்டில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். பெருமைப்பட ஒன்றும் மிச்சமில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவள் படிப்புக்காகவே, நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற எப்சம் பகுதியில் வெயில் படாத ஒரு ஃப்ளாட்டில் வருடக்கணக்கில் வாடகைக்கு இருந்தோம். படித்து முடித்தவள் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றாள். ஒரு வருடம் என்று போனவள் நான்கு வருடமாகியும் திரும்பவில்லை. போன ஜனவரியில், இங்கே கோடை, அங்கே கடுங்குளிர், நான் மட்டும் விமானம் ஏறினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன்.

"நாளைக்கு ஒரு தீவுக்குப் போறோம்மா. கடல்லயே கோயில் இருக்கு. லஞ்ச் புக் பண்ணிருக்கேன்" என்றாள். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள் தமிழில் இவ்வளவு பேசியதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, ஆக்லாந்திலிருந்து பாட்டிலில் கொண்டுபோன புளிக்காய்ச்சலை அவள் குக்கரில் வைத்த சோற்றில் கலந்தேன். ஜப்பான் அரிசி களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் டப்பாவில் அடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மற்ற நாளில் மீன் குழம்பு வைக்காதவள் இல்லை நான். கோயிலுக்குப் போகிற நாளில் மட்டும் எங்களுக்குக் கவிச்சி ஆகாது.

ஃபெர்ரியில் காற்று காதை அறுத்தது. அவள் புதுக் கோட்டு போட்டிருந்தாள். ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"யாருக்குடி மெசேஜ்?"

"நோபடி, மா."

தீவில் இறங்கினால் கடைக்குக் கடை சிப்பியைக் கரி அடுப்பில் ஓட்டோடு சுட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் மான்கள் ஆள் பயமில்லாமல் நடந்தன. ஒரு சந்துக்குள் சின்னக் கடை ஒன்றின் முன்னால் மகள் நின்றாள். என் வயதுள்ள ஒரு பெண் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இடுப்பு வளைய என்னை வணங்கினாள். பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வாசலிலேயே தட்டு நிறைய சிப்பி. நான் பின்னால் நகர்ந்தேன்.

"இங்கயா? இன்னும் சாமியே கும்பிடலடி."

"அம்மா, ப்ளீஸ். உள்ள வந்து உக்காரு. அப்புறம் சொல்றேன்."

"நாத்தம் குடலப் புரட்டுது. இங்க உக்காந்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கோயிலுக்குப் போறது? நீ சாப்பிட்டு வா, நான் வெளிய இருக்கேன்."

தமிழில்தான் சொன்னேன். ஆனால் கை மூக்கைப் பொத்தியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வாசலில் மகள் அந்தப் பெண்ணிடம் ஏதோ நெடுநேரம் பேசுவது காதில் விழுந்தது.

கடலோரத் திட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் கூடத் தொடவில்லை. மான் ஒன்று என் பையைப் பிடித்து இழுக்க, நான் அதை விரட்டினேன். நான் மட்டும்தான் சிரித்தேன். பிறகு கோயிலில் காசு போட்டு, அந்த ஊர் வழக்கப்படி இரண்டு தரம் கை தட்டிக் கும்பிட்டேன். இவளை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று வேண்டிக்கொண்டேன். மிச்சமிருந்த நாட்களெல்லாம் ஆக்லாந்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்றே பேசித் தீர்த்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டாளாம். பையன் அந்தத் தீவுக்காரனாம். கணவர் பக்கத்தில் நின்று என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாடி?" என்று கத்தினேன்.

"சொல்லத்தான் அன்னிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தக் கடை அவரோட அப்பா அம்மாவோடது."

அவள் நிதானமாக, தமிழிலேயே சொன்னாள். கோயில் நாளில் அம்மா கவிச்சி தொடமாட்டாள் என்று அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். அந்த ஊர்ச் சமையலில் ரசத்தில்கூட மீன் சாறு இருக்கும். அதனால் அந்தம்மா எனக்காகப் புதுப் பாத்திரம் வாங்கி, காளானும் கடல்பாசியும் கொதிக்கவைத்துச் சாறு எடுத்திருக்கிறாள். வெறும் காய்கறியிலேயே ஏழு வகை. மாடி அறையில் சிப்பி வாடை வராமல் ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில் காத்திருந்திருக்கிறார்கள். அந்தம்மாவின் கணவர் தலைத்துண்டைக் கழற்றிவிட்டு கோட்டு மாட்டிக்கொள்ளப் போன நேரத்தில்தான் நான் நடையைக் கட்டியிருக்கிறேன்.

நான் அழுதேன். அழுதால் என்ன, சமைத்தது திரும்பச் சூடாகுமா?

"அவங்ககிட்ட நீ என்னடி சொன்ன?"

"உனக்குத் திடீர்னு உடம்பு முடியலன்னு சொன்னேன். மூக்கைப் பொத்திட்டு நின்னல்ல, நம்பிட்டாங்க. இப்பவும் அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க."

"நான் ஒருதடவை வந்து அவங்க கையால சாப்பிடட்டுமா? அடுத்த மாசமே வரேன்."

"வேணாம்மா. உனக்கு இன்னும் சரியாகலன்னு சொல்லி வெச்சிருக்கேன்."