இடது பக்கம் விழுந்த வண்டி

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்காக வாங்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து அப்பா ஆபீசுக்குச் சார்ட்டர்டு பஸ்ஸில்தான் போய்வந்தார். வண்டி வாரம் முழுதும் மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். செவ்வாய்க்கிழமை மலை மந்திர் முருகன் கோயில், ஞாயிற்றுக்கிழமை காய்கறி. அதற்கு மேல் அது உலகம் கண்டதில்லை. அதன் மெரூன் நிற டாங்கை மட்டும் அப்பா தினமும் காலையில் துடைப்பார். என் முகத்தை யாரும் அவ்வளவு அக்கறையாகத் துடைத்ததாக நினைவில்லை. கண்ணாடி பார்க்கும்போது அதன் விளைவு இன்றைக்கும் தெரிகிறது.

எங்கள் வீட்டில் போர்வைக்குள் இருந்த இன்னொரு ஜீவன் அத்தை. அப்பாவின் தங்கை. இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று திருநெல்வேலியிலிருந்து புருஷன் வீட்டை விட்டு ரயிலேறி வந்தவள், இரண்டு வருஷமாகியும் போகவில்லை. ஏன் வந்தாள் என்பதைப் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எனக்குப் பத்து வயது; சாத்திய கதவுக்கு வெளியேதான் என் இடம். வந்த இடத்தில் அவள் டைப்பிங் கற்றுக்கொண்டாள். சர்க்கார் வேலைக்கான டைப்பிங் பரீட்சை அந்த ஜூன் மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. அப்பா ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கையலம்பிவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்.

"தேறினேன்னா இங்கயே இரு. லேடீஸ் ஹாஸ்டல் நானே பாத்துத் தாரேன். தேறலன்னா மாப்பிள்ளைக்கு லெட்டர் போட்டுருவேன். பொறவு எங்கிட்ட வந்து அழப்பிடாது."

அத்தை சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து மெஷின் இல்லாத நேரத்திலும் அவள் விரல்கள் எதன்மீதாவது தட்டிக்கொண்டே இருக்கும். சப்பாத்திப் பலகையில்கூடத் தட்டுவாள்.

அதற்குச் சில நாள் முன்னால் அவள், எனக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டப் படிக்கணும் அண்ணே, என்று சொல்லியிருந்தாள். "மொதல்ல குடும்பத்த ஓட்டிப் படி" என்று அப்பா சிரித்தார். அப்பா சிரித்ததால் நானும் சிரித்தேன். அத்தை மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலண்டர் பக்கத்து ஆணியிலிருந்து சாவியைத்தான் எடுத்தாள்.

தில்லியில் ஜூன் மாத மத்தியானம் ஒரு நல்ல கூட்டாளி. லூ என்கிற அனல்காற்று அடிக்கத் தொடங்கினால் காலனித் தெருவில் நாய்கூட இருக்காது. அம்மா கூலருக்கு முன்னால் தூங்கிவிடுவாள். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. முனையில் ஜாமுன் என்கிற நாவல் மரத்தடியில் பழம் பொறுக்கித் தின்றபடி ஆள் வருகிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். ஊரில் மொபெட் ஓட்டிய தைரியத்தில் அத்தை பத்தே நாளில் மூன்றாவது கியருக்கு வந்துவிட்டாள். என்னைக் கடந்து போகும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். வீட்டுக்குள் அவளுக்கு அந்த முகம் கிடையாது.

பதினோராவது நாள் பூங்கா மதிலோரம் யாரோ மணல் கொட்டி வைத்திருந்தார்கள். திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கியது. பெரிய வேகமில்லை, ஓர் ஆள் நடக்கிற வேகம்தான். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, கொஞ்ச தூரம் இழுபட்டு நின்றது. ஓடிப்போனேன். அத்தை எழுந்து இடது கையை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள். அடிபட்டுதா அத்தை என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லட்டி, வண்டியப் பாரு, என்றாள். வண்டியைப் பார்த்தோம். டாங்கின் இடப்பக்கம் காபி டவரா அளவுக்குக் குழிந்து பெயின்ட் உரிந்திருந்தது. சைடு கவர் விரிசல் விட்டிருந்தது. கிளட்ச் லீவர் வளைந்திருந்தது.

அத்தையின் உதடு வெளுத்துப்போயிருந்தது. "அண்ணனுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே லெட்டர் எழுதிருவாருட்டி. பரீட்ச வரைக்கும்கூட விடமாட்டாரு."

நான் அப்போது துப்பறியும் கதைகள் படித்துக்கொண்டிருந்த காலம். யோசனைக்குப் பஞ்சமில்லை. நின்ற வண்டிமேல் நான் ஏறி விளையாடினேன், அது சாய்ந்துவிட்டது என்று சாயங்காலம் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். முதுகில் இரண்டு விழுந்தது. அழவில்லை. தியாகிகள் அழுவதில்லை என்று படித்திருந்தேன். அத்தை அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா டார்ச் அடித்து வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அம்மா பார்த்தாள். மாடிவீட்டு மாமா வந்து பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முனீர்க்காவில் டென்டிங், அதாவது ஒடுக்கெடுக்கும் வேலை செய்கிற மிஸ்திரியிடம் அப்பா வண்டியைக் கொண்டுபோனார். என்னையும் கூட்டிப்போனார். அது தண்டனையில்லை, தேவை. பதினாலு வருஷம் தில்லியில் இருந்தும் அப்பாவின் இந்தி 'அச்சா'வையும் 'டீக் ஹை'யையும் தாண்டியதில்லை. கேஸ் சிலிண்டர்காரரிலிருந்து வீட்டுக்கு வரும் பிளம்பர் வரை எல்லோரிடமும் எங்கள் குடும்பத்தின் வாய் நான்தான்.

மிஸ்திரி உடனே சுத்தியலை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு டாங்கை உள்ளங்கையால் தடவினார். கீறலின்மேல் விரலை ஓட்டினார். வளைந்த லீவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் இந்தியில் சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன்: "இது நின்ன வண்டி விழுந்தது இல்ல மகளே. நின்ன வண்டி விழுந்தா குழி மட்டும்தான் விழும். இது ஓடுற வண்டி, இழுபட்டிருக்கு. ஓட்டினவங்க லீவர விடவே இல்ல, இடது கை அடியில மாட்டியிருக்கும். டாங்க் எங்கயும் போகாது. முதல்ல கையை டாக்டர்ட்ட காட்டச் சொல்லு."

"என்னட்டி சொல்லுதாரு?" என்றார் அப்பா.

"டாங்கை நிமித்திரலாமாம்ப்பா. சைடு கவர் மட்டும் புதுசு போடணுமாம்."

"இம்புட்டு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?"

"இந்தி அப்படித்தான்ப்பா. நீளமா இருக்கும்."

மிஸ்திரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்பாவைப் பார்த்துத் தன் இடது கைச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். அது ஒருகாலத்தில் ஒடிந்து கோணலாகச் சேர்ந்த விரல். சுண்டுவிரலைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். அப்பா பெருந்தன்மையோடு, அச்சா அச்சா, ஜாவோ, என்று அவருக்கு அனுமதி கொடுத்தார். மிஸ்திரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டாங்கைக் கழற்றப் போனார். அந்த மனிதர் எங்களைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறார் என்றும், என் சாமர்த்தியத்தால்தான் தப்பினோம் என்றும் எனக்கு ஒரே பெருமை.

வீட்டில் அத்தையின் கையை யாரும் கவனிக்கவில்லை. சாப்பிடுவதற்கு வலது கை போதும். இடது கை மடியில் இருந்தது. மூன்றாம் நாள் சப்பாத்தி ஒற்றைக் கையால் தேய்க்கப்படுவதை அம்மா பார்த்துக் கேட்டாள். பாத்ரூம் கதவிடுக்கில் நசுங்கிவிட்டது மைனி என்றாள் அத்தை. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுத் துணியால் கட்டினாள். கதவிடுக்குக்கு அதுதான் வைத்தியம். டிஸ்பென்சரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. வண்டியிலிருந்து விழுந்த ஆள் யாராவது வீட்டில் இருந்திருந்தால் அப்பாவே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அப்படி ஓர் ஆள் இல்லாதபடி நான் ஏற்பாடு செய்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு வண்டியை எடுக்கப் போனோம். உள்ளிருந்து குழியை எடுத்து, பட்டி பூசி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, நிறம் அடித்திருந்தார். எங்கே அடிபட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புதிய சைடு கவர்தான் டாங்கைவிடச் சற்றுச் சிவப்பாக இருந்தது. மற்றதெல்லாம் தில்லி வெயிலில் வெளுத்தது. அப்பா டாங்கில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மிஸ்திரி குனிந்து, கை எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். டீக் ஹை, என்றேன்.

பரீட்சை அன்று அத்தை கட்டை அவிழ்த்துவிட்டுப் போனாள். மத்தியானம் வெயிலில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். "ஏ எழுத்தே சரியா விழல மைனி" என்றாள். ஏ எழுத்தை இடது கைச் சுண்டுவிரலால் அடிக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. மெஷின் கோளாறாக இருக்கும், சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கலாமே என்றாள். ஏ இல்லாமல் இங்கிலீஷில் ஒரு வரிகூட ஒழுங்காகப் போகாது. முடிவு வந்ததும் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லெட்டர் எழுதினார்.

ஆடி பிறக்கும் முன்பே அத்தையை ரயிலேற்றினோம். ஊருக்குப் போகிற இன்னொரு குடும்பத்தோடு அனுப்பினார் அப்பா. அவர் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது, அத்தை சன்னல் கம்பிக்குள்ளிருந்து வலது கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது.

"நீ கடைசி வரைக்கும் யாருட்டயும் சொல்லலல்லா?"

"மூச்சு விடல அத்தை. அந்த மிஸ்திரி உங்க கையப் பத்தி என்னெல்லாமோ கேட்டாரு. டாக்டர்ட்ட காட்டணும்னாரு. அப்பாட்ட நான் ஒண்ணுமே சொல்லலையே."

அத்தை குனிந்து முந்தானைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு, கெட்டிக்காரி, என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்னைப்போல ஒரு மருமகள் வாய்த்த சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ரயில் கண்ணுக்கு மறையும்வரை நான் கையாட்டிக்கொண்டே நின்றேன்.