கழுவாமல் விட்ட கல்

அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் நான் காய்கறி வாங்கும் கடைக்காரர் ராமநாதபுரத்திலிருந்து வந்த பாய். எதைக் கையில் எடுத்தாலும், "மெயின்லேண்டா, லோக்கலா சார்?" என்று கேட்பார். முருங்கைக்காய்க்கும் அதே கேள்வி, இஞ்சிக்கும் முட்டைக்கும் அதே கேள்வி. "மெயின்லேண்ட் எடுக்காதீங்க, கப்பல் வந்து நாலு நாளாச்சு" என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார். இந்தியாவுக்குள் நின்றுகொண்டே இந்தியாவை வேறு கரையாகப் பேசுவது, வந்த புதிதில் எனக்கு விசித்திரமாக இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை தருமபுரியில், "மெயின்லேண்டுக்கு வந்தாலே எனக்குச் சளி பிடிச்சுக்குது" என்றேன். அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எந்த லேண்டுக்கு?" என்றார். அண்ணி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்றிரவு நாட்குறிப்பில் அதை எழுதியிருக்கிறேன்.

என் வேலையும் ஏறத்தாழ பாயின் கேள்விதான். நான் எரிமலைப் பாறைகளை ஆராய்கிறவன். சில எரிமலைப் பாறைகளில் பொட்டாசியம் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பது எங்கள் துறையின் பழைய வழக்கு. ஒரு விளக்கம் இது: பெருநிலத்து மலைகளின் மண்ணை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன, கடலடித் தட்டு அந்தச் சேற்றோடு பூமிக்குள் இறங்குகிறது, ஆழத்தில் சேறு உருகி எரிமலைக் குழம்பில் கலந்து, வேறொரு தீவில் கல்லாக மேலே வருகிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே இருக்கும் பாரன் தீவில் எரிமலை இன்னும் புகைகிறது. ஆனால் அதன் கற்களில் பொட்டாசியம் குறைவு. ஒரே ஒரு கல்லில் மட்டும் நிறைய இருந்தது, என் கணக்கில் பதினேழாம் எண் கல்.

அதைக் கண்டெடுத்தவர் காளியப்பன். நான் காளியண்ணே என்பேன். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தத் தீவுகளுக்குக் குடியேற்றப்பட்டவர்கள். அவரும் மனைவி பாக்கியமும் லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். தோட்டம் மூடிய பிறகு அவர் என்னுடன் களப்பணிக்குச் சுமை தூக்க வந்தார். கரும்பாறையில் நான் சுத்தியலோடு தவழும்போதெல்லாம், "மெயின்லேண்டுல கல்லே இல்லியா சார்? கப்பலேறி வந்து பொறுக்குறீங்க" என்று கேலி செய்வார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பாரன் தீவுக்கு நாங்கள் கடைசியாகப் போனபோது, படகுக்குத் திரும்பும் நேரத்தில் ஓர் ஓடைப் பள்ளத்திலிருந்து வெளிர்நிறக் கல் ஒன்றைத் தூக்கி வந்தார். "இது வேற இனம் சார், பாருங்க." கல் போடும் துணிப் பைகள் தீர்ந்துவிட்டன. தன் மாற்றுத் துணி வைத்திருந்த சாக்குப் பையைக் காலிசெய்து அதில் போட்டுக்கொண்டார். படகேறும்போது அலை அடித்து, பையும் அவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

மறுநாள் மாலை ஆய்வகத்தில் மற்ற பதினாறு கற்களையும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி முடித்தேன். பதினேழாவதை உடைத்துக்கொண்டிருந்தபோது காளியண்ணன், "நான் கண்டுபிடிச்சது சார், ஒரு துண்டு குடுங்க, வீட்ல காட்டணும்" என்றார். கைப்பிடி அளவு கொடுத்தேன். மீதியைக் கழுவும் வேலையை அடுத்த நாளுக்கு வைத்தேன். விடிகாலையில் தருமபுரியிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா போய்விட்டார். அன்று விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. மறுநாள் கிளம்பி, சென்னையில் பேருந்து பிடித்து வீடு சேர்ந்தபோது வாசலில் சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "கல்லு பத்திரமா இருக்கா?" என்று அண்ணன் கேட்டார். பதினாறு நாள் கழித்துத் திரும்பியபோது, வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பக் கற்களையெல்லாம் ஆய்வக ஊழியர்கள் அரைத்துத் தூளாக்கி வைத்திருந்தார்கள்.

முடிவு வந்ததும் கட்டுரை எழுதினேன். இந்தத் தீவின் நெருப்பில் பெருநிலத்தின் மண் இருக்கிறது என்று அதில் ஒரு வாக்கியம். ஆய்வுக் கட்டுரையில் அவ்வளவு ஆசையாக நான் வேறெந்த வாக்கியத்தையும் எழுதியதில்லை. கடைசிப் பக்கத்தில், கல்லைக் கண்டெடுத்தவர் காளியப்பன் என்று நன்றி தெரிவித்திருந்தேன். அந்தப் பக்கத்தை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். "இத்தன வருசத்துல கூலி மஸ்டர் ரோலுக்கு வெளிய என் பேரு அச்சுல வந்தது இதுதான் சார்." போன ஆண்டு மஞ்சள்காமாலையில் அவர் இறந்துபோனார். அவர் பெயர் இருக்கும் சட்டத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய படத்தையும் மாட்டினார்கள்.

இந்த ஆண்டு அதே தூளில் எஞ்சியிருந்ததைக் கொண்டு மற்ற தனிமங்களையும் அளக்கச் செய்தேன். பொட்டாசியம் உயர்ந்த கல்லில் ருபீடியமும் பேரியமும் கூடவே உயர வேண்டும். இரண்டும் உயரவில்லை. இந்தப் பொட்டாசியம் தனியாக வந்திருக்கிறது. பழைய நாட்குறிப்பை எடுத்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் நேரே 'கழுவியது' என்று நான் எழுதும் கட்டம் உண்டு. பதினேழுக்கு நேரே வெறுமையாக இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்திலேயே 'சாக்குப் பை, நனைந்தது' என்று இருந்தது. எண்ணெய்ப்பனைக்கு மூட்டை மூட்டையாகப் பொட்டாஷ் உரம் போடுவார்கள். அந்த உரச் சாக்கில் தைத்த பை அது. கடல்நீரில் கரைந்த உரம் கல்லின் துளைகளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பெருநிலத்துப் பொட்டாசியம்தான், சந்தேகமில்லை. பூமிக்குள் போய் வரவில்லை, சரக்குக் கப்பலில் வந்திருக்கிறது. அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதை ஐந்து ஆண்டுகளாக நான் பார்க்காதது எப்படி என்று யோசித்தேன். எதிர்ப்பக்கத்தில் அம்மா இறந்த நாள்; அந்த இடத்தை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

ஊகத்தை நிரூபிக்கக் கழுவிய துண்டு வேண்டும். தூள் தீர்ந்துவிட்டது. அந்தக் கல்லில் மிச்சம் இருந்தது காளியண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போன துண்டு மட்டும்தான். ஹட் பே கப்பலில் ஏறினேன். அவர் பெயர் இருக்கும் ஒரே அச்சுப் பக்கத்தை இல்லாமலாக்க அவர் வீட்டுக் கல்லையே கேட்கப் போகிறேன் என்பதை வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். சாக்கைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

"வாங்க சார், பைட்டுங்க. க்யா ஹுவா, மொகமே சரியில்ல?" என்று பாக்கியம் அக்கா, தீவு வழக்கப்படி இந்தி கலந்து, உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். படத்துக்குக் கீழே கல், நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் கழுவி வைக்கிறாராம். கட்டுரையில் ஒரு தப்பு நடந்துவிட்டது, பொட்டாசியம் என்ற ஒன்று கல்லில் வெளியிலிருந்து சேர்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"பொட்டாசுங்களா? மரத்துக்கு அள்ளிப் போடுவோமே, செவப்பு உப்பு. அதா?"

நான் தலையசைத்தேன். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். இருபது ஆண்டுகள் அந்த உப்பைக் கையால் தூவியவர். நான் ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்தப் பை நான் தச்சது சார். மூணு தண்ணியில அலசுனேன். தையல்ல தங்கிருக்கும்."

"பையில தப்பில்லக்கா. எதுல வந்தாலும் நான் கழுவியிருக்கணும். கழுவல."

"நீங்களா? தண்ணி குடிக்கிற டம்ளரையே ரெண்டு தடவ கழுவுற ஆளு. ஏன் கழுவல?"

"அன்னிக்கு எங்கம்மா தவறிட்டாங்க."

"அவரு சொல்லவே இல்லியே."

"அவர்கிட்டயும் சொல்லல. ஊருக்குப் போறேன்னு மட்டும்தான் சொன்னேன்."

இந்தத் தீவில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. இழவு கேட்க ஒருவரும் வராத ஊர் என்று இதைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

அக்கா தேநீர் வைத்துக் கொடுத்தார். "கல்லு உங்களுக்கு வேணும், அப்படித்தானே? அவரு பேரு போயிருமா சார்?"

"கட்டுரையே போயிடும்க்கா."

"தோட்டத்துல குலை எடை போடறப்ப, நம்ம பக்கம் ஒரு குலை சேத்து எழுதிட்டான்னு கங்காணிகூட சண்டைக்குப் போன மனுசன். பாகல், பைத்தியம். கொறச்சு எழுதுனா எல்லாரும் சண்ட போடுவாங்க. இவரு கூட எழுதுனதுக்குப் போட்டாரு." சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்து கல்லை எடுத்து, பழைய துண்டில் சுற்றி என் கையில் வைத்தார். "பாதியாவது திருப்பிக் குடுங்க."

பாதியாக அறுத்தேன். ஒரு பாதியின் உட்பகுதியைக் கழுவி, அரைத்து, அனுப்பினேன். பொட்டாசியம் மற்ற பதினாறு கற்களைப் போலவே குறைவு. கட்டுரையைத் திரும்பப் பெறும் குறிப்பில், சரிபார்க்கக் கல் தந்தவர் காளியப்பனின் மனைவி பாக்கியம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இத்தகைய குறிப்புகளில் நன்றியுரைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அக்காவுக்குக் கொடுக்க என்னிடம் பாதிக் கல் மட்டுமே மிஞ்சியது.

அடுத்த ஹட் பே கப்பலுக்கு டிக்கெட் வாங்கும்போது தீவுவாசிகளுக்கான ஐலண்டர் அட்டை கேட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று எண்ணி, நான் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. டிக்கெட்டில் நான்-ஐலண்டர், அதாவது தீவைச் சேராதவர், என்று அச்சாகி வந்தது. அம்மாவுக்குப் பிறகு அண்ணன் மாற்றி வாங்கிய குடும்ப அட்டையிலும் என் பெயர் இல்லை. துறைமுகச் சோதனையில் காவலர் பையைத் திறந்து கல்லை வெளியே எடுத்தார். "யே கஹாங் கா ஹை?" எங்கே எடுத்தது என்கிறார்.

"யஹீங் கா" என்றேன். இங்கத்தியது. இப்போது அதை உறுதியாகச் சொல்ல முடியும். அவர் என் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

கப்பல் நகர்ந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டேன். வாள் அறுத்த பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கத்துத் துளைகளில் அக்கா வைத்த குங்குமம் ஏறியிருந்தது. அதை நான் கழுவவில்லை.